சங்கேடாவில் ஒரு டீப்பாய்

வடோதரா

குஜராத்திக் கல்யாணங்களைச் சினிமாவிலாவது பார்த்திருப்போம். மணமக்கள் உட்காரும் சோபா அரக்குச் சிவப்பில் இருக்கும். கை, கால், முதுகு எல்லாமே கடைசல் பிடித்த உருளைகள். அவற்றின் மேல் விரற்கடை இடம்கூட விடாமல் பொன்னிறத்தில் பூவும் கொடியும் ஓடும். அதுதான் சங்கேடா சாமான். வடோதராவின் பழைய நகரத்தில், மாண்ட்விக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் சோபா, ஊஞ்சல், தொட்டில், தாண்டியா கோல் என்று அந்தச் சிவப்பையும் பொன்னையும் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். எனக்குக் கண் கூசியது. அழகு என்று சொல்ல வாய் வரவில்லை.

நம் பக்கத்தில் தேக்குக்குக் காசு கொடுத்தால் ரேகை தெரிய வேண்டும். செட்டிநாட்டு வீட்டு ஊஞ்சல் வெறும் பலகைதான். ஆட்கள் உட்கார்ந்து எழுந்தே அதில் வழவழப்பு ஏறியிருக்கும். வடோதராவிலும் வீட்டுக்கு வீடு ஊஞ்சல் உண்டு. ஹிஞ்ச்கோ என்கிறார்கள். சாப்பிட்டு எழுந்ததும் பெரியவர்கள் சோம்பை மென்றுகொண்டு அதில்தான் போய் உட்காருகிறார்கள். ஆனால் அதைத் தாங்கும் கம்பங்களில் மரம் எது என்றே கண்டுபிடிக்க முடியாதபடி வேலைப்பாடு.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. என் முகச் சுளிப்பைக் கவனித்துவிட்டார். "கடையில பாத்து முடிவு பண்ணாதே பேட்டா. செய்யுற இடத்துக்குப் போய் பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு, வடோதராவுக்கு வந்தவள் சேவ் உசல் சாப்பிடாமல் தூங்கக் கூடாது என்று தெருமுனைக்கு அழைத்துப் போனார். நம் கடற்கரையில் சுண்டலாகும் அதே வெள்ளைப் பட்டாணிதான். இங்கே அதைக் குழைய வேகவைத்து, மேலே செக்கச் சிவந்த காரக் குழம்பை ஊற்றி, ஓமப்பொடியையும் வெங்காயத்தாளையும் தூவிப் பாவோடு தருகிறார்கள். பருப்பிலும் காய்கறியிலும் சர்க்கரை போடுகிற ஊரில் இத்தனை காரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது. இன்னொரு தட்டும் கேட்டேன்.

வடோதராவுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் பழையது. வடோதரா மன்னராக இருந்த மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டின் முதல் மனைவி தஞ்சாவூர் மராட்டிய அரச குடும்பத்துப் பெண். 1880-இல் அவர் கல்யாணமாகி வந்தபோது சதிராடும் பெண்களும் நட்டுவனார்களும் சீரோடு சீராக வந்து சேர்ந்தார்கள். பிறகு 1950-களில் இங்குள்ள நுண்கலைக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஓவியத்தில் அத்தனை பெயர் வாங்கியவர், கல்லூரி மாணவர்கள் நடத்தும் சந்தைக்காக மரத்துண்டுகளையும் மணிகளையும் கோத்துப் பொம்மை செய்து கொடுத்தார். ஓவியர் உசத்தி, கைவினைஞர் ஒரு படி கீழே என்ற பேச்சு அவரிடம் எடுபடாது. அவர் பல ஆண்டு நடந்த ஊரில் நின்றுகொண்டு, ஒரு கடையைப் பார்த்த கையோடு ஒரு தொழிலுக்கே மதிப்பெண் போடுவது சரியில்லை என்று எனக்கும் பட்டது.

டபோய்

வடோதராவை விட்டுத் தென்கிழக்கே இறங்கினால் பருத்தியும் துவரையும் ஆமணக்கும் மாறி மாறி வருகின்றன. தை மாதக் குளிர். வயலோரம் கணப்பு மூட்டி, போர்வைக்குள் ஒடுங்கியபடி டீ குடிக்கிறார்கள். டபோயில் நிறுத்தியது ஹீரா பாகோல் வாசலுக்காக. 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் கிழக்கு வாசல். யானை, நடனமாடுகிறவர்கள், தெய்வங்கள், யாளி போன்ற விலங்குகள் என்று கல்லில் ஒரு சாண் வெற்றிடம் விடவில்லை. அதைக் கட்டிய சிற்பி ஹீரா அந்தச் சுவருக்குள்ளேயே புதைக்கப்பட்டான் என்று கதை சொல்கிறார்கள். எந்தப் பெரிய கட்டடத்துக்குத்தான் அப்படியொரு கதை இல்லை? என் கண் கதையில் நிற்கவில்லை, அந்த நெருக்கத்தில் நின்றது. இடம் விடாமல் நிரப்புவது இந்த மண்ணில் எழுநூறு வருஷத்துக்கு மேலான பழக்கம். சோபாக் கடைக்காரர் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை.

டபோய்க்கு ரயில் சரித்திரத்திலும் இடம் உண்டு. 1862-இல் கெய்க்வாட் அரசு மியாகாமிலிருந்து இந்த ஊருக்குச் சுமார் 32 கிலோமீட்டர் குறுகிய பாதை போட்டது. இந்தியாவின் முதல் குறுகிய ரயில் பாதை. இதில் வண்டியை இழுத்தவை காளை மாடுகள். தண்டவாளம் போட்டாயிற்று, இன்ஜினைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. வலுவான தண்டவாளம் வரும்வரை மாடு இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இழுக்கும் உயிரை மாற்றி இயந்திரத்தை வைக்கும் கதை அன்றைக்கே சங்கேடாவில் வேறு விதமாகக் காதில் விழும் என்று அப்போது தெரியாது.

சங்கேடா, பட்டறை

ஓர்சங் ஆற்றங்கரையில் சின்ன ஊர். ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். 2013-இல் வடோதரா மாவட்டத்திலிருந்து பிரித்த சோட்டா உதேபூர் மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. கடைத்தெருவில் வீட்டின் முன்பக்கம் கடை, நடுவில் பட்டறை, பின்கட்டில் குடித்தனம். தெருவில் நடந்தால் மோட்டார் இரைச்சலும், மரம் சீவும் சத்தமும், அரக்கு சூடேறும் வாசனையும் வாசலுக்கு வாசல் மாறி மாறி வருகின்றன. கடைசல் தொழிலைத் தலைமுறைகளாகச் செய்துவரும் கராதிகளின் ஊர் இது. சங்கேடா சாமானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் பட்டறையில் உட்கார இடம் கொடுத்தார். எல்லோரும் காகா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்ன வேண்டும் என்றார். ஒரு சின்ன டீப்பாய், நாற்காலிக்குப் பக்கத்தில் போட, அடியிலிருந்து முடியும்வரை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றேன். "சோபா இல்லையா பென்?" (பென் என்றால் சகோதரி) என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டு, மருமகனைப் பார்த்துத் தலையசைத்தார்.

மருமகன் சதுரமாக அறுத்த தேக்குக் கட்டையை எடுத்தார். ஒன்றரை அடி நீளம். இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு இழுத்து மையம் குறித்து, கடைசல் இயந்திரத்தின் இரு முனைக்கும் நடுவே முடுக்கினார். அவரும் தரையில், இயந்திரமும் தரையை ஒட்டி. மோட்டார் ஓடியதும் சதுரக் கட்டை ஒரு மங்கலான உருளையாகத் தெரிந்தது. நகம்போல் வளைந்த உளியை இரும்புத் தாங்கியில் அணைத்துக்கொண்டு முதல் தொடு. தட் தட் தட் என்று மூலைகள் அடிபடும் சத்தம். அந்தச் சத்தம் குறையக் குறையச் சதுரம் உருளையாகிறது. சத்தம் சீறலாக மாறினால் மூலை போய்விட்டது என்று அர்த்தம். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை, என்னோடு பேசிக்கொண்டிருந்தார். காது வேலை பார்த்தது.

அடுத்தது வடிவம். ஒரு மூங்கில் சிம்பு. அதில் பென்சில் கோடுகள். சுழலும் கட்டையில் சிம்பை அணைத்து, கோட்டுக்குக் கோடு மரத்தில் குறித்துக்கொண்டார். எங்கே மணி, எங்கே குழிவு, எங்கே குடம், எங்கே கழுத்து என்பது அந்தச் சிம்பில் இருக்கிறது. தடிமனுக்குக் காலிபர். வாய் சாய்ந்த உளியின் நுனியால் இரண்டு பக்கமும் கீறி, நடுவில் மிஞ்சியதை உருட்டினால் மணி. குழிவுக்கு மறுபடி வளைந்த உளி. இரண்டு பக்கத்திலிருந்தும் பள்ளத்தை நோக்கித்தான் இறங்க வேண்டும். பள்ளத்திலிருந்து மேலே ஏறினால் நார் எழும்பிச் சிலும்பிவிடும். உளி கூராக இருக்கும்வரை சீவல் சுருள் சுருளாகத் தோளில் விழுகிறது. மழுங்கினால் தூளாகக் கொட்டுகிறது. தேக்கில் மணல்சத்து உண்டு. உளி வாயை மற்ற பல மரங்களைவிடச் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் நிமிஷத்துக்கு நிமிஷம் சாணைக்கல்.

முதல் கால் முடிந்தபோது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. காகாவுக்கு இல்லை. "ஒண்ணு கடையுறது யாரும் செய்வான். நாலாவதும் மொதல் காலும் ஒண்ணா இருக்கணும்" என்றார். மருமகன் நாலையும் கடைந்து வரிசையாக நிறுத்தினார். காகா ஒன்றை மட்டும் எடுத்துக் கழுத்தில் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் திருப்பி நீட்டினார். மறுபடி இயந்திரத்தில் ஏறியது. எனக்கு நாலும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

மோட்டாரைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். நகரத்தில் கைவினை பேசுகிறவர்கள் மோட்டார் என்றாலே உச்சுக் கொட்டுவார்கள். மோட்டார் வந்ததும் கைவேலை போயிற்று என்பது அவர்கள் வாய்ப்பாடு. காகா சிரித்தார். அவர் அப்பா கடைந்த காலத்தில் கட்டையில் கயிறு சுற்றி எதிரே ஒரு ஆள் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். இழுத்தது அவர் அம்மா. காலையில் ரொட்லா ரொட்டி தட்டி முடித்துவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை கயிறு. பெயர் அப்பாவுக்கு. "கரண்ட் வந்தப்புறம்தான் எங்க அம்மா மத்தியானம் படுத்துத் தூங்கினாங்க" என்றார்.

எனக்கு உறைத்த இடம் இது. கைவேலை என்று நாம் உருகுவதில் பாதி யாரோ ஒரு பெண்ணின் தோள்பட்டை. கயிறு போனதால் காலின் வடிவத்தில் எதுவும் குறையவில்லை. உளி இன்னும் கையில்தான் இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று எந்த மோட்டாரும் சொல்வதில்லை. எதை இயந்திரத்துக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுத்தால் சாமானே வேறாகிவிடும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் பின்கட்டில் இருந்தது.

சங்கேடா, பின்கட்டு

மத்தியானம் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். கம்பு ரொட்லா, தணலில் சுட்டு மசித்த கத்திரிக்காய், அதில் பச்சைப் பூண்டுத்தாள் கைநிறைய, ஓரத்தில் வெல்லமும் வெண்ணெயும், குடிக்க மோர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சுட்ட கத்திரிக்காயில் புளி விழுந்துவிடும். இங்கே புளி இல்லாததால் புகை மணம் அப்படியே நிற்கிறது. காகாவின் மனைவியைப் பா என்கிறார்கள். தட்டு காலியாவதற்குள் அடுத்த ரொட்லா விழுந்துகொண்டிருந்தது.

கடைந்த கால்களைத் தேய்த்து, சுண்ணப்பொடியையும் வச்சிரப் பசையையும் குழைத்துப் பூசுகிறார்கள். தேக்கில் கண்துளைகள் பெரிசு, அவற்றை அடைக்காமல் மேலே வண்ணம் நிற்காது. எங்கள் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்தது; நெருக்கமான மரம், அரக்கை நேராக ஏற்றிவிடலாம். சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் வெட்பாலையைத் தேடுவதும் அதனால்தான். ரேகை அகலமான தேக்கை எடுத்துக்கொண்டு அதன் மேல் அரக்கு வேலை செய்யத் துணிந்தவர்கள், ரேகையை மறைக்காமல் செய்ய வழியில்லை. மரத்தை ஏன் இப்படி மூடுகிறார்கள் என்று வடோதராக் கடையில் எனக்குள் எழுந்த எரிச்சலுக்குப் பதில் ரசனையில் இல்லை, மரத்தின் துளையில் இருந்தது. மரத்தை மாற்றலாமே என்றால், ஒரு குடும்பமே ஏறி ஆடும் ஊஞ்சலுக்கு இங்கே நம்புவது தேக்கைத்தான்.

அடுத்துத்தான் அந்தப் பொன். பா ஒரு கிண்ணத்தைத் திறந்து காட்டினார். சாம்பல் நிறக் கூழ். தொட்டுப் பார்த்தேன், கையில் ஈயச்சொம்பின் நிறம் ஒட்டியது. வெள்ளீயம்தான். ரசம் வைக்க நாம் கும்பகோணத்தில் வாங்குகிறோமே, அதே உலோகம். கண்ணாடித்தாள் அளவு மெலிந்த வெள்ளீயத் தகட்டைப் பசையோடு சேர்த்துக் கல்லில் மணிக்கணக்காக அரைக்கிறார்கள். பசை இல்லாமல் அரைத்தால் தகடு ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுவிடும். பிறகு தண்ணீர் விட்டு அலசி அலசிப் பசையைப் போக்கினால் அடியில் பொடி தங்குகிறது. அதைக் கொஞ்சம் பசைநீரில் கலக்கினால் வண்ணம்.

பா ஒரு காலை மடியில் வைத்துக்கொண்டார். அடிப்பூச்சு அரக்குச் சிவப்பு, காய்ந்து மங்கலாக இருந்தது. தூரிகையில் நாலைந்து மயிர்தான் இருக்கும். வளையக் கோடுகளுக்குக் காலை இயந்திரத்தில் சுழலவிட்டுத் தூரிகையைத் தொட்டாலே போதும். பூவும் கொடியும் அப்படி வராது. கையால் உருட்டிக்கொண்டே, வரைபடம் இல்லை, பென்சில் கோடு இல்லை, குடத்தைச் சுற்றி ஏழெட்டு இதழ் போட்டு வந்து, ஆரம்பித்த இடத்தில் கொடியின் வால் சரியாகப் போய் முட்டியது. எப்படி என்று கேட்டால், "சுத்தி வந்துதானே ஆகணும்" என்கிறார்.

காய்ந்ததும் அகேட் கல். கம்பாத் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தீட்டி மணியாக்கும் அதே கல். பளபளவென்று தீட்டிய அந்தக் கல்லால் வெள்ளீயப் பூவை அழுத்தித் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறம் மறைந்து வெள்ளி எழுந்தது. பொன் இன்னும் வரவில்லை.

பக்கத்துத் திண்ணையில் ஒரு இளைஞர் ஸ்ப்ரே துப்பாக்கியால் நாற்காலிக் கால்களுக்குப் பொன்வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். டப்பாவில் வருவது. ஒரு நாளைக்கு எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஹோட்டல்காரர்கள் யானைத்தந்த நிறம், வெளிர் நிறம், கருப்பு, பச்சை என்று எதை வேண்டுமானாலும் கேட்கிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பா அரைத்த கூழ் ஒரு கிண்ணம் சேர ஆகும் நேரத்தில் அவர் ஒரு செட்டையே அனுப்பிவிடுவார், வாங்குகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே விலை பேசுகிறார்கள். ஆனால் மோட்டாருக்கு வராத கவலை எனக்கு இந்தத் துப்பாக்கியைப் பார்த்தபோது வந்தது. கயிற்றை எடுத்தால் வேலையின் பளு மட்டும் போகிறது. வெள்ளீயத்தை எடுத்தால் சங்கேடாவே போகிறது.

சங்கேடா, தணலுக்கு முன்னால்

அரக்கு காகாவின் வேலை. அதை இன்னும் மருமகனிடம் கொடுக்கவில்லை.

அரக்கு ஒரு பூச்சி தருவது. புரசு, இலந்தை, குசும் மரக் கிளைகளில் லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி, தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின் ஓடு அது. நாட்டில் அதிகம் கிடைப்பது ஜார்க்கண்டில். ராஞ்சி பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-இல் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். அன்றைக்கு உலகத்து கிராமபோன் இசைத்தட்டுகள் பெரும்பாலும் இந்த அரக்கைச் சேர்த்துத்தான் செய்யப்பட்டன. பிளாஸ்டிக் வந்து இசைத்தட்டை எடுத்துக்கொண்டது. சங்கேடாவை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை, பாதிதான்.

காலை மறுபடி இயந்திரத்தில் ஏற்றினார்கள். அடியில் சட்டியில் தணல். மரம் சுழன்று வெதுவெதுப்பானதும் காகா குச்சியாக உருட்டிய தெளிந்த அரக்கை அதன் மேல் அழுத்தினார். தணலின் சூடும் உரசலின் சூடும் சேர்ந்து அரக்கு இளகிப் பட்டையாக ஒட்டிக்கொண்டே போனது. வேகம் கூடினால் கருகும், சூடு குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். எத்தனை டிகிரி என்று அளப்பதற்கு எதுவும் இல்லை. புறங்கையைக் காலுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு பக்கத்தில் கிடந்த காய்ந்த ஓலைத் துண்டை எடுத்தார். முள் நீக்கிய தாழை ஓலை. எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை தூரம் வந்து தாமிரபரணிக்கரைத் தாழையையா பார்க்க வேண்டும்? சன்னபட்டணத்துக் கடைசல்காரர்களும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஓலையை மடித்துச் சுழலும் காலில் இறுக்கிப் பிடித்ததும் திட்டாக இருந்த அரக்கு பரவியது, பள்ளத்துக்குள் இறங்கியது, மணியின் முதுகில் ஏறியது. மங்கல் சிவப்பு ஆழச் சிவப்பாயிற்று. கூடவே, வெள்ளிப் பூக்கள் எல்லாம் கண்ணெதிரே பொன்னாக மாறின. அரக்குக்கு இயல்பிலேயே தேன்மஞ்சள் நிறம். அது வெள்ளீயத்தின் மேல் படிந்தால் ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும்போது பொன்னாகத் தெரிகிறது. கால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பூவுக்கு உள்ளிருந்து வெளிச்சம். டப்பாப் பொன்வண்ணத்தில் வெளிச்சம் மேலே பட்டதோடு சரி.

வடோதராக் கடையில் என் கண் கூசியதற்கு இரண்டையும் கலந்து ஒரே வரிசையில் அடுக்கி, மேலே குழல்விளக்கைப் போட்டதும் ஒரு காரணம். இந்தச் சாமான் திண்ணை வெளிச்சத்துக்குச் செய்தது.

மேல்வட்டம் தனியாகத் தயாராகியிருந்தது. பலகைகளை ஒட்டி, வட்டமாக அறுத்து, விளிம்பை மட்டும் கடைசலில் பிடித்தது. அடியில் நாலு துளை, கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்துப் போட்டவை. கால்களின் தலையில் கடைந்த முளை அதில் போய் உட்காருகிறது. ஆணி இல்லை. மரச்சுத்தியால் தட்டினார்கள், முதலில் வெற்றொலி, கடைசியில் கெட்டியான ஒலி.

டீ வந்தது. புத்தம்புது டீப்பாய் நடுவில் நிற்க, காகா தம்ளரைத் தரையில் வைத்தார். நானும் தரையில்தான் வைக்க வேண்டும் என்று கையைக் காட்டினார். அரக்கு 75 டிகிரிச் சூட்டை ஒட்டி இளகத் தொடங்கிவிடும். சூடான தம்ளரோ ஈரமோ பட்டால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். டீ வைக்க முடியாத டீப்பாய்! அப்படியானால் மேல்வட்டத்தை வெறும் தேக்காக விட்டு எண்ணெய் மட்டும் தடவித் தாருங்கள், ரேகையும் தெரியும், டீயும் வைக்கலாம் என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே கொஞ்சம் திருப்தி.

காகா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணுக்குப் பாவாடையைக் கட்டிவிட்டு, மேல ஒண்ணும் போடாம வெளியே அனுப்புறதா?" என்றார். பின்கட்டில் பாவின் சிரிப்புச் சத்தம். மேல்வட்டத்துக்கும் சிவப்பும் பூவும்தான். அதன் மேல் ஒரு கண்ணாடி வெட்டிப் போட்டுக்கொள் என்று அளவு எழுதிக் கொடுத்தார். விலையில் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

போடேலி

இந்தத் தேக்கு எங்கிருந்து வருகிறது என்று கிளம்பும்போது கேட்டிருந்தேன். முன்னெல்லாம் கிழக்கே இருக்கிற காட்டிலிருந்து, இப்போது பெரும்பாலும் மரவாடியிலிருந்து என்றார்கள். அடுக்கியிருந்த கட்டைகளின் முனையில் வண்ணக் குறிகள். காண்ட்லா துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் தோட்டத் தேக்கு. வெட்டாத காடு பக்கத்தில் நிற்கும்போது கடல் தாண்டி வந்த மரத்தைக் கடைகிறார்கள். அம்பாசமுத்திரத்திலும் இதே கதைதான். மலை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமானது. மஞ்சக்கடம்பு வெட்டுவதெல்லாம் பழங்கதை. காடு காப்பாற்றப்பட வேண்டியதுதான். சொப்புக்காரர் ரப்பர் மரத்துக்கும் கிடைத்த மரத்துக்கும் மாறிக்கொண்டார்.

அந்தக் கிழக்குக் காட்டைப் பார்த்துவிடலாம் என்று போடேலி வழியாகப் போனேன். போடேலியில் பருத்தியைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. டிராக்டர் டிராக்டராகப் பஞ்சு, சாலையோர முட்செடிகளில் எல்லாம் வெள்ளை.

சோட்டா உதேபூர்

இங்கே பேச்சு மாறுகிறது, உடை மாறுகிறது, ரொட்டியும் மாறுகிறது. கம்பு போய் மக்காச்சோளம், தொட்டுக்கொள்ள உளுந்தம்பருப்பு. சர்க்கரை போடாத பருப்பு என்பதால் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ராட்வா பழங்குடிகளின் ஊர். வழியில் தேஜ்கட்டில் பழங்குடிகளுக்கான கல்வி நிலையம் ஒன்று நடக்கிறது. ராட்வா வீடுகளில் நேர்த்திக்கடனாகச் சுவரில் பித்தோரா எழுதுவார்கள். வரிசை வரிசையாகக் குதிரைகள், பித்தோரா தெய்வத்தின் கல்யாணம், நடுவில் உழுகிறவர், கள் இறக்குகிறவர், சூரியன், சந்திரன். நான் உள்ளே போன வீட்டில் நடுச்சுவர் முழுவதும் அதுதான். அங்கேயும் இடம் விடுகிற பழக்கம் கிடையாது. டபோய்க் கல்லிலிருந்து இந்த மண் சுவர் வரை நடுவில் இருப்பது சங்கேடா என்று வரைபடத்தைப் பார்க்காமலே சொல்லலாம்.

சாலையின் இருபுறமும் தேக்கு. இலைகள் பழுப்பேறிச் சல்லடையாகத் தொங்கின. ஒல்லியான மரங்கள், சோபாவுக்கு ஆக இன்னும் பல வருஷம் பிடிக்கும்.

சந்தை நாள். வெள்ளிக் காப்பு, மண்பானை, காய்ந்த மிளகாய், அரிவாள், புல்லாங்குழல் எல்லாம் தரையில். ஓர் ஓரத்தில் ஒருவர் கட்டில் கால்களை நாலு நாலாகக் கட்டி வைத்திருந்தார். கடைசல் பிடித்த கால்கள். மணி உண்டு, குழிவு உண்டு, கழுத்து உண்டு. வண்ணம் இல்லை, அரக்கு இல்லை, தேய்க்கக்கூட இல்லை. உளி போன தடம் விரலில் தட்டுப்பட்டது. நான் சங்கேடாவில் கேட்டு வாங்க முடியாமல்போன வெறும் மரம். ஒரு கட்டைக் கையில் எடுத்து, இதற்கு ஏன் அரக்கு ஏற்றவில்லை என்று கேட்டேன்.

"கட்டில் வாசல்ல கெடக்கும் பென். மழை பெய்யும், வெயில் காயும், ஆடு ஏறி நிக்கும். அரக்கு எதுக்கு?"

சங்கேடாவில் டீப்பாய் வாங்கினேன் என்றேன். என்ன விலை என்றார். சொன்னேன். அவர் பக்கத்தில் மிளகாய் விற்ற பெண்ணிடம் அதைத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தாள்.

"அந்தக் காசுக்கு எங்ககிட்ட நாலு கட்டில் வரும்" என்றார் அவர். "படுத்துத் தூங்கவும் செய்யலாம்."